எடுத்ததற்கெல்லாம் ஃபார்மட்டா?

மடிக்கணினியில் வைஃபை குறி காணாமல் போனால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பதே பல பழுதுபார்க்கும் கடைகளில் முதல் பதில். அதற்குச் சட்டென்று தலையாட்ட வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' வரிசையைத் திறந்து பாருங்கள். வயர்லெஸ் அடாப்டரின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால், கணினிக்கு வைஃபை அட்டை தெரிகிறது. கோளாறு பெரும்பாலும் டிரைவரில்தான். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் 'ரோல் பேக் டிரைவர்' கைகொடுக்கும். வரிசையில் அடாப்டரின் பெயரே இல்லையா? கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்ததும் அட்டை சில சமயம் மீண்டும் தலைகாட்டும். பயாஸில் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எதற்கும் மசியாவிட்டால் அட்டை தளர்ந்திருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். அந்த நிலையில் ஃபார்மட் செய்து பயனில்லை. சில நூறு ரூபாய் வைஃபை டாங்கிள் போதும். அட்டை கெட்டதற்குக் கோப்புகளைப் பலி கொடுப்பது என்ன நியாயம்? கோளாறு எதில் என்று சொல்லாத கடைக்காரரிடம் கணினியை ஒப்படைக்காதீர்கள்.