துட்டு யார் வீட்டுப் பிள்ளை?

"துட்டு" என்பது பழந்தமிழ்ச் சொல்லே என்றும், மலாய்க்காரர் பணத்துக்கு வழங்கும் "டுயிட்" அதிலிருந்தே பிறந்ததென்றும் நம்மவருட் சிலர் மேடையேறி முழங்குகின்றனர். ஆதாரம் யாதெனில், ஒலி ஒத்திருக்கிறது என்பதொன்றே விடை. ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா என்று நாம் கேட்கிறோம்.

உண்மை வரலாறு இது. "டொய்ட்" என்பது ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசு. எட்டு டொய்ட் ஒரு ஸ்டொய்வர். 20 ஸ்டொய்வர் ஒரு கில்டர். ஆகவே கில்டர் ஒன்றுக்கு 160 டொய்ட். 1602-இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, 18-ஆம் நூற்றாண்டில் தன் முத்திரை பொறித்த டொய்ட்டுகளைக் கீழ்நாடுகளுக்கென்றே அச்சடித்து அனுப்பியது. அதற்கு முன்னரே, 1641-இல் மலாக்காவும், 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அதன் வசமாகியிருந்தன. காசு சென்றவிடமெல்லாம் பெயரும் சென்றது. இக்கரையில் டுயிட், அக்கரையில் துட்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அத்தாயின் குலத்தையும் பார்ப்போம். பழைய நார்வே மொழியில் அதற்கு இனமான சொல் "த்வைத்தி" என்பது. சிறு நாணயம் என்று பொருள். வேர்ப்பொருள் வெட்டுதல், வெட்டியெடுத்த துண்டே பின்னர்க் காசாயிற்று. ஆங்கிலேயர் "த்ரீ" என்பதை ஒல்லாந்தர் "ட்ரீ" என்பர். அவ்வொழுங்கின்படியே வடவரின் "த" ஒல்லாந்தரிடம் "ட" ஆயிற்று. ஒல்லாந்தக் கப்பல் தமிழ்க்கரையைக் காணுமுன்னரே பிறந்துவிட்ட சொல்லைத் தமிழ் ஈன்றதென்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனால் தமிழுக்கு இழுக்கென்று சிலர் பதறலாம். ஒல்லாந்தர் தம் சமையலிற் சேர்க்கும் பொடிக்குக் "கெர்ரி" என்று பெயர். அது நம் "கறி"யின் வழிவந்ததே. அதனால் அவர் மொழி மானமிழந்ததோ? கடன் கொள்வதும் கொடுப்பதும் வாழும் மொழிக்கு இயல்பு.

மலாய்க்குத் தமிழ் மெய்யாகவே ஈந்த சொற்களும் உள. நம் "கடை" அங்கே "கெடாய்" ஆயிற்று. நம் "கப்பல்" அங்கும் கப்பலே. இவற்றோடு பொய்யுறவு ஒன்றைக் கலந்து சொன்னால், மெய்யுறவு பத்தையும் பிறர் நம்ப மறுப்பர். தமிழை உயர்த்துவதாக எண்ணி அதன் சாட்சியத்தையே கெடுப்பவர் இவரே.

பிறப்புக்குப் பெருமை கற்பித்துக் கதை புனையும் வழக்கம் மனிதரிடையே விளைத்த தீங்கு போதும். அதைச் சொற்களுக்கும் ஏற்ற வேண்டாம். தோட்டப் பள்ளியாயினும் பட்டணத்துப் பள்ளியாயினும், நம் பிள்ளைகளுக்குச் சொல்லின் வரலாற்றை உள்ளவாறே உரைப்போமாக.