நாவல் படித்தால் பிள்ளை சாமியாராகிவிடுவானா?



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் 'சித்தார்த்தா' நாவலைப் படிக்கக் கொடுத்தால், "இதைப் படிச்சா பய சாமியாராப் போயிருவான் சார், நீட் கைடு இருந்தா குடுங்க" என்று திருப்பித் தருகிற பெற்றோர் இப்போது கூடிவிட்டார்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால் பதிலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கதை தெரியாமல்தான் பயப்படுகிறீர்கள். ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-ல் ஜெர்மன் மொழியில் எழுதியது. அவருடைய அம்மா பிறந்தது கேரளத்துத் தலச்சேரியில். திருலோக சீதாராம் அந்த நாவலைத் தமிழில் தந்திருக்கிறார்.

இந்தச் சித்தார்த்தன் புத்தர் அல்ல. துறவிகளோடு சேர்ந்து காட்டில் பட்டினி கிடக்கிறான்; அது போதாது என்று விட்டுவிடுகிறான். புத்தரை நேரில் கண்டு வணங்குகிறான், ஆனால் சீடனாகவில்லை. ஊருக்குள் வந்து வியாபாரம் செய்கிறான், கமலாவோடு வாழ்கிறான், சூதாடுகிறான். கடைசியில் ஆற்றில் ஓடம் விடுகிறான். இதில் சாமியாராகப் போகச் சொல்லும் இடம் எங்கே? புத்தர் கதையை 'ஆசிய ஜோதி' என்று பாடிய நம் தேரூர் கவிமணியே வாத்தியார் வேலை பார்த்துக் குடும்பமாக வாழ்ந்தவர்தானே!

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவுரை பஞ்சமில்லை. நாம் சொல்கிறோம், கோச்சிங் சென்டர் சொல்கிறது, போனில் ஒரு நிமிட வீடியோவில் ஆளுக்கொரு சாமியார் சொல்கிறார். நாவல் அறிவுரை சொல்வதில்லை. ஒருவனோடு இளமை முதல் முதுமை வரை கூடவே நடக்க வைக்கிறது. வாழ்க்கை வெறுத்துச் சாகத் துணிந்து ஆற்றங்கரையில் நிற்கும் சித்தார்த்தன், மனம் மாறி, அதே ஆற்றங்கரையில் வாழக் கற்றுக்கொள்கிறான். மார்க் குறைந்ததற்காக உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! விழுந்தவன் எழுந்த கதை ஒன்றாவது அவர்கள் மனதில் இருக்க வேண்டாமா?

நாவல் மந்திரம் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்காது. பிடிக்காதவனைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் விரும்பிப் படிக்கிறவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

உண்மையில் இது பெற்றோர் படிக்க வேண்டிய புத்தகம். சித்தார்த்தனின் மகனும் ஒருநாள் அவனை விட்டு ஓடிப்போகிறான். எவ்வளவு அன்பு வைத்தும் பிடித்து வைக்க முடியவில்லை. தன் அப்பாவை விட்டுத் தான் வந்தது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். அதன்பிறகு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.