பாரிசவாதமும் சீன மூலிகையும்: ஹட்டனில் இருந்து கேட்கவேண்டிய கேள்வி

பாரிசவாதம் வந்தவருக்குச் சீன மூலிகை கொடுத்தால் மூளையின் மரபணுக்களே விழித்தெழுந்து கைகால் திரும்பிவிடும் என்று சொல்லும் செய்திகள் இணையத்தில் நிறைய. அவை முழுப் பொய்யல்ல. அதனால்தான் நாட்கூலியில் வாழும் தோட்டக் குடும்பங்கள் நகையை அடகுவைக்கும் முன் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

இரத்தோட்டம் தடைப்பட்ட சில நிமிடங்களில் மூளைக் கலங்கள் சாகத் தொடங்குகின்றன. சூழவுள்ள கலங்களில் சில மரபணுக்கள் தூண்டப்படும், சில அடங்கும். முதலில் அழற்சியைக் கூட்டும் புரதங்கள் பெருகும். பிறகு, நரம்பிழைகள் மறுபடி கிளைவிட உதவும் பி.டி.என்.எஃப். போன்ற புரதங்கள் வரும். மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. எது எப்போது எவ்வளவு வேலைசெய்யும் என்பதே மாறுகிறது.

'நியூரோஎய்ட்' என்ற சீன மருந்துக் கலவை இதில்தான் கைவைக்கிறது. அதிலுள்ள ஒன்பது மூலிகைகளில் குசும்பப்பூவும், நமது வசம்பின் நெருங்கிய இனமொன்றும் உண்டு. ஆய்வுகூடத்தில் எலிகளின் நரம்புக் கலங்களில் இது பி.டி.என்.எஃப். அளவைக் கூட்டியதை 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதரில்? இதற்குப் பதில் தேடிய 'கைம்ஸ்' பரிசோதனையில் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, ஹொங்கொங் நோயாளிகளோடு இலங்கை நோயாளிகளும் இருந்தார்கள். மொத்தம் சுமார் 1,100 பேர். பாரிசவாதம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி மூன்று மாதம், ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிகை. 2013 இல் முடிவு வெளியானது: மூன்று மாத முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது இடையில் சில நன்மைகள் தெரிந்தன. 24ஆம் மாதத்தில் அவை உறுதியாக நிற்கவில்லை. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட 1,648 பேரிடம் சீனாவில் வேறொரு மூலிகைக் கலவையைப் பரிசோதித்து 2024 இல் வெளியிட்ட முடிவும் பலன் இல்லை என்பதே.

இதைச் சொன்னால் சுதேச வைத்தியத்தை இழிவுசெய்வதாகச் சிலர் கோபிக்கலாம். தன் மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தும் மரபை நான் மதிக்கிறேன். எலியில் ஒரு புரதம் கூடியதை மட்டும் சொல்லிப் புட்டி விற்பவரை மதிக்க முடியாது.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணித்தியாலமே அவகாசம். அதற்குமுன் ஸ்கான் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். லயத்தில் இருந்து பிரதான வீதிக்கு இறங்கவே எவ்வளவு நேரம்? ஹட்டனில் இருந்து கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் மலைப்பாதை. பிரஷர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் குளிசை பாதியில் நிற்கிறது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கோ பல தசாப்த வயது. 1977 வன்செயலின் பின் மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கும் இந்தத் தூரக் கணக்குப் புதிதல்ல.

வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள். கசாயமோ குளிசையோ, ஒரு வாய் தண்ணீரோகூடக் கொடுக்க வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.