சும்மா விட்டால் சாகும் குளங்கள்

நெதர்லாந்தின் தெற்கே, வடக்கு பிராபண்ட் மாகாணத்தில் இருக்கிறது ஓஸ்டர்வைக். பைன் காடு, இடையிடையே ஊதா பூக்கும் ஹீத் புதர்வெளி, அவற்றுக்குள் ஒளிந்துகிடக்கும் பெரிதும் சிறிதுமான குளங்கள். இந்தக் குளங்களை அங்கே 'வென்' என்கிறார்கள். நம்மவர் பலர் வேலை பார்க்கும் ஐன்ட்ஹோவனிலிருந்து ரயிலேறிப் போய், ஒரு பகலில் ஏழெட்டுக் குளங்களைச் சுற்றி வந்துவிடலாம். அப்படிப் போகிறவர்கள் கண்ணில் சில சமயம் மரம் வெட்டும் இயந்திரமோ, கரையில் நின்று கறுப்புச் சேற்றை அள்ளும் பொக்லைனோ பட்டுவிடும். உடனே அந்த வாக்கியம் வரும்: "இயற்கையை அது பாட்டுக்கு விடக்கூடாதா? அதற்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?"

டச்சுக்காரர்களும் சொல்கிறார்கள், சுற்றுலா வருகிறவர்களும் சொல்கிறார்கள். நல்ல மனசோடு சொல்லப்படுவதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இந்தக் குளங்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தப்பு.

முதலில் "அது பாட்டுக்கு" என்பதை எடுத்துக்கொள்வோம். அந்த ஹீத் வெளி ஆடும் மண்வெட்டியும் சேர்ந்து உண்டாக்கியது. பல நூற்றாண்டுகளாக அங்கத்திய விவசாயி ஹீத்தை மேல்மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டி எடுத்துத் தொழுவத்தில் பரப்பினான். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் ஊறியபின் அதையே வயலுக்கு எருவாக அடித்தான். வெட்டிய இடத்தில் சத்து தங்கவில்லை. சத்தில்லாத மண்ணில் ஹீத்தான் முளைக்கும், மரம் தலையெடுக்காது. எடுத்தாலும் ஆடு கடித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியக் கம்பளி மலிவாக வந்து இறங்கியது, பின்னாலேயே ரசாயன உரமும் வந்தது. ஆடும் போயிற்று, பத்தை வெட்டுவதும் போயிற்று. 1830களில் நாட்டில் சுமார் 6 லட்சம் ஹெக்டேர் இருந்த ஹீத் வெளி இன்று 40 ஆயிரம் ஹெக்டேரை ஒட்டித்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் வயலாகவோ காடாகவோ மாறிவிட்டது. ஓஸ்டர்வைக்கில் ஆதிக்காடு என்று நாம் மயங்குகிற பைன் மரங்களும் பெரும்பாலும் மரத்துக்காக வரிசை பிடித்து நட்டவைதான். கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தால் பல இடங்களில் அந்த வரிசை இன்னும் தெரியும்.

குளங்கள் மட்டும் இவற்றைவிட மூத்தவை. பனியுகத்தின் கடைசியில் காற்று மணலை வாரிக்கொண்டு போன பள்ளங்கள் பல. பின்னாளில் கரி மண் வெட்டியதால் ஆழமானவை சில. மணல் பூமியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்ற கேள்வி நியாயமானது. பள்ளத்தின் அடியில் இரும்பும் மக்கும் சேர்ந்து இறுகிய ஒரு கெட்டிப் படலமோ களிமண் அடுக்கோ இருக்கிறது. அதன்மேல் மழைத்தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலத் தங்குகிறது. இந்தக் குளங்களையும் சும்மா விட்டுவைக்கவில்லை. ஆடு குளிப்பாட்டினார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், சணல்போன்ற ஆளிச்செடியை ஊறப்போட்டார்கள். அந்த அளவான தொந்தரவில் கரை திறந்து கிடந்தது, அடிமணல் வெளியே தெரிந்தது. பாதுகாப்பு வந்தபிறகு அந்தத் தொந்தரவு நின்றது. நாட்டூர்மொனுமென்டன் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1905. அடுத்த ஆண்டே நார்டர்மேர் ஏரியை, அங்கே ஆம்ஸ்டர்டாம் நகரக் குப்பையைக் கொட்டவிடாமல், விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். 1913இல் ஓஸ்டர்வைக்கில் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். வேலி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று அன்று நினைத்திருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. இன்றும் அப்படியே நினைப்பதற்குத்தான் காரணம் இல்லை.

அடுத்த வாதம் கண்ணால் பார்த்துச் சொல்வது: "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, இதில் என்ன கேடு?" இந்தக் குளங்களில் தெளிவை நம்பவே கூடாது. அமிலமாகிவிட்ட குளமும் அதே பளிங்காகத்தான் இருக்கும், உள்ளே உயிர் குறைந்திருப்பது மட்டுமே வித்தியாசம். 1920ஐ ஒட்டி இந்தப் பகுதிக் குளங்களில் சேகரித்த டயட்டம் மாதிரிகள் பத்திரமாக இருந்தன. டயட்டம் என்பது கண்ணாடி ஓடு போர்த்திய நுண்பாசி. தண்ணீரின் அமிலத்தன்மை மாறினால் எந்த வகை பெருகும், எது ஒழியும் என்று சொல்லிவிடலாம். 1978இல் டச்சு ஆய்வாளர்கள் மறுபடி மாதிரி எடுத்து ஒப்பிட்டார்கள். பழைய மாதிரியில் பல வகைகள் கலந்திருந்த இடத்தில், அமிலத்தைத் தாங்கும் யூனோடியா எக்சிகுவா என்ற ஒரே வகை மண்டிக்கிடந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு காலத் தண்ணீரும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

மூர் தவளையைப் பார்த்தாலும் இது புரியும். மார்ச் மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆண் தவளைகள் உடம்பெல்லாம் வெளிர்நீலமாகிக் குளத்தில் கூடும். நீலச் சாயம் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு நிறம், படத்தில் பார்த்தால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்றே தோன்றும். குளத்தின் அமிலம் அளவு மீறினால் இந்தத் தவளையின் முட்டைகளில் பூஞ்சை பூத்துவிடும். தவளை வரும், கூடும், முட்டையிடும். குஞ்சு மட்டும் வராது.

மூன்றாவது, மரம். "மரத்தை வெட்டினால் மழை போச்சு, தண்ணீர் போச்சு" என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்து வந்திருக்கிறோம், அதனால் இந்த இடத்தில் மறுப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கணக்கு வேறு மாதிரி. பைன் வருஷம் முழுக்கப் பச்சை. பெய்கிற மழையில் கணிசமான பங்கை ஊசியிலையிலேயே தாங்கி ஆவியாக்கிவிடும், மண்ணுக்கு வருவதையும் வேர் உறிஞ்சும். அதே இடத்தில் தாழ்ந்த ஹீத் இருந்தால் குளத்துக்குக் கூடுதல் தண்ணீர் போய்ச் சேரும். காற்றில் வரும் அம்மோனியாவையும் பைன் இலைகள் வடிகட்டிப் பிடித்து, மழையோடு கீழே இறக்கிவிடுகின்றன. உதிர்ந்த ஊசிகளும் இலைகளும் குளத்தடியில் சேறாகின்றன.

இதைவிட நுட்பமான ஒன்று காற்று. அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. குளம் திறந்திருந்தால் அலை எழும்பி எதிர்க்கரையை, அதாவது வடகிழக்குப் பக்கத்தை, ஓயாமல் அலசும். சேறு தங்காது, வெள்ளை மணல் தெரியும். சுற்றிலும் மரம் சுவர் எழுப்பிவிட்டால் காற்றும் இல்லை, அலையும் இல்லை.

அந்த வெள்ளை மணலில் வளர்வதுதான் நீர்லொபீலியா. குளத்தடியில் ரோஜா இதழடுக்குபோல் இலைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். ஜூலையில் ஒற்றைத் தண்டு தண்ணீருக்கு மேலே எழும்பி வெளிறிய ஊதாவில் சில பூக்களைத் தொங்கவிடும். கரையில் ஒதுங்கிய இலை ஒன்றைக் குறுக்கே கிள்ளிப் பார்த்தால் உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் தெரியும். இந்த மென்னீரில் கரியமில வாயு போதாது என்பதால், அது வேர் வழியாக மணலிலிருந்து அதை இழுத்து அந்தக் குழாய்களில் மேலே அனுப்புகிறது. பிராணவாயுவை வேர் வழியாகவே மணலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரச் செடிக்குச் சேறு மூடினால் பிழைக்கத் தெரியாது. தென்மேற்குக் கரையில் மரம் வெட்டுவது இதற்குத்தான்.

"தூர்வாரினால் இருக்கிற உயிரும் போய்விடும், போனது திரும்பாது" என்கிற பேச்சுக்குப் பதில் பேவென். ஐன்ட்ஹோவனுக்குக் கிழக்கே ஸ்ட்ராப்ரெக்ட் ஹீத்வெளியில் இருக்கும் இது நாட்டிலேயே பெரிய வென். வயல்களிலிருந்து வரும் ஓடை வழியாக உரத்தண்ணீர் புகுந்து, நாணலும் சேறுமாகக் கிடந்தது. 1980களின் நடுவில் சேற்றை அள்ளி, ஓடைத் தண்ணீர் கட்டுப்பாடாக மட்டும் வரும்படி செய்தார்கள். சேற்றுக்கடியில் மணலில் விதைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் லொபீலியா உட்பட முளைத்து வந்தன. யாரும் கொண்டுவந்து நடவில்லை. இலையுதிர்காலத்தில் கொக்கு போன்ற பெரிய பறவைகளான கிரேன்கள் இன்று அங்கே இரவு தங்கிப் போகின்றன. ஓடைத் தண்ணீரை முற்றாக அடைத்திருந்தாலும் தப்பாகியிருக்கும் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் அதில்தான் வருகிறது.

மனிதர்கள் நடக்க வருவதால்தான் கெடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. பாதையில் நடக்கும் கால் பெரிய கேடு செய்வதில்லை. மீன்தொட்டி அலுத்துப்போய், அதிலிருந்த செடியைக் குளத்தில் கொட்டிவிட்டுப் போகும் கைதான் செய்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்து க்ராசுலா அப்படி வந்தது. ஒரு துண்டு விழுந்தால் கரை முழுக்கப் பாய் விரித்துவிடும். இங்கிலாந்தில் 2014இல் அதன் விற்பனையையே தடை செய்தார்கள். அதைச் சும்மா விட்டால் என்னாகும் என்று யாருக்கும் சந்தேகமில்லை.

கடைசி வாதம் கொஞ்சம் படித்தவர்களுடையது: "அமில மழை 1980களின் கதை, அது முடிந்தது." பாதி உண்மை. கந்தக உமிழ்வு அன்றிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது, அது பெரிய சாதனை. ஆனால் பழைய கந்தகம் சேற்றில் கிடக்கிறது. 2018 போன்ற வறட்சியில் குளம் வற்றிச் சேற்றில் காற்றுப் பட்டால் அது மறுபடி அமிலமாகிறது. புதிதாக வந்துகொண்டிருப்பது நைட்ரஜன். மிகவும் மென்னீரான குளங்கள் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ வரைதான் தாங்கும். நாட்டின் சராசரி படிவோ அதைவிட மிக அதிகம். அதில் பெரும்பங்கு கால்நடை வளர்ப்பின் அம்மோனியா. பிராபண்ட் நாட்டிலேயே அதிகம் பன்றி வளர்க்கும் மாகாணம், குளங்கள் இருப்பது அதன் நட்டநடுவில்.

சும்மா விடச் சொல்பவர்களுக்கு ஒரு இடத்தில் தலையாட்டியாக வேண்டும். சில வென்களில் சதுப்புப் பாசி மெத்தையாகப் படர்ந்து கரிச் சதுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது. அங்கே பொக்லைன் இறங்கினால் நூற்றாண்டுகளின் வேலை ஒரு வாரத்தில் போய்விடும். அடியிலுள்ள கெட்டிப் படலத்தைக் கரண்டி உடைத்துவிட்டால் குளமே ஒழுகிவிடும். எந்தக் குளத்தில் கை வைப்பது, எதில் வைக்காமல் இருப்பது என்பது அந்தந்தக் குளத்தின் அடிமண்ணைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

"எத்தனை முறை தூர்வாரினாலும் திரும்பச் சேறாகிறதே" என்ற சலிப்பும் உண்மைதான். ஆனால் அந்தச் சலிப்பைப் பொக்லைன் ஓட்டுகிறவர்மேல் காட்டிப் பயனில்லை. நைட்ரஜனைப் பின்னால் குறைத்துக்கொள்கிறோம், இப்போது அனுமதி கொடுத்துவிடுகிறோம் என்று அரசு போட்டிருந்த திட்டத்தை 2019 மே மாதம் உயர் நிர்வாக நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டுமானங்கள் நின்றன, அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குள் வந்து சாலைகளை அடைத்தார்கள். குளத்துக்கு வரும் நைட்ரஜன் குறையுமா, எப்போது, யார் செலவில் என்பதெல்லாம் அந்த வழக்கிலிருந்து இன்னும் இழுபறியாகத்தான் கிடக்கிறது. அது தீரும்வரை ஓஸ்டர்வைக்கில் சேறு அள்ளிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கும்.