டிஸ்சார்ஜ் ஆன நோயாளி ஏன் திரும்பவும் அட்மிட் ஆகிறார்? பாலியேட்டிவ் கேரில் எங்கே இடைவெளி?

"இனி பெரிய ட்ரீட்மென்ட் எதுவும் இல்லை, வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கோங்க" என்று அனுப்பப்பட்ட புற்றுநோயாளி, சில நாட்களிலேயே மறுபடியும் அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். நோய் முற்றிவிட்டது என்று நாம் நினைப்போம். ஆனா பல நேரம் அவரை அங்கே கொண்டுவருவது வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய். இதில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சமாளிக்கலாம்.

பாலியேட்டிவ் கேர் என்றால்?

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை. கடைசி நாட்களுக்கு மட்டுமானது அல்ல. நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்கலாம். உலகில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இது தேவை. கிடைப்பதோ சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாகறலில் இருந்து பார்த்தால்...

செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலில் இருந்து காஞ்சிபுரம் சுமார் 16 கி.மீ. காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பகலில் இது பெரிய தூரம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு வலியில் துடிப்பவரைக் கூட்டிக்கொண்டு போவது வேறு கதை. நெசவுக் குடும்பம் என்றால், கூட ஒருவர் ஆஸ்பத்திரியில் தங்கும் நாளில் தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

அரசு என்ன செய்கிறது?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் சேவையும் உண்டு. ஆனா ஒரு செவிலியர் ஒன்றியத்தின் பல கிராமங்களுக்குப் போக வேண்டும். அவர் வந்துபோன பிறகு வரும் ராத்திரிதான் சிக்கல்.

கேரளம் 2008-லேயே இதற்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே உள்ளாட்சி அமைப்புகளும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் இதில் பங்கெடுக்கிறார்கள். வீட்டுக்கு வரும் சேவை கிடைத்தவர்கள் தங்கள் வீட்டிலேயே இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

மார்ஃபின் பயம்

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த, முக்கியமான மருந்து. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவமனைகள் இதை வாங்கி வைப்பது எளிதாக்கப்பட்டது. ஆனாலும் "அடிமையாகிடுவாரோ" என்று பயந்து பாதி டோஸோடு நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் வலி கட்டுக்குள் இருக்கும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தும் சேர்ந்தே வேண்டும்.

அப்போ, திரும்ப அட்மிட் ஆவதே தப்பா?

இல்லை. எலும்பு முறிவு, கடும் தொற்று, திடீரென கால் மரத்துப்போவது போன்றவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரிதான். தவிர்க்கக்கூடிய அலைச்சலைத்தான் குறைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்:

• ராத்திரி வலி அதிகமானால் கூடுதலாக எவ்வளவு மருந்து கொடுக்கலாம்?
• மாத்திரை தீர்ந்தால் எங்கே வாங்குவது?
• எந்த நம்பருக்கு போன் செய்வது?
• எந்த அறிகுறி வந்தால் உடனே கூட்டி வர வேண்டும்?
• எங்கள் ஊருக்கு வரும் செவிலியர் யார்?

பதில்களை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ராத்திரியில் பக்கத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல, நீங்கள்தான்.