ஏறாத சர்வரை அதட்டாதீர்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரப் பட்டையில் சர்வர் எப்போதும் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் இருப்பதில்லை. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் மாடிப்படிக்கு அடியில், லாரி புக்கிங் ஆபீஸில் மேசைக்குக் கீழே, கண்டெய்னர் யார்டில் தகரக்கூரை அறைக்குள் என்று கிடைத்த இடத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். பில் ஆஃப் என்ட்ரி, கேட் பாஸ், டீசல் கணக்கு, ஆட்களின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். ஒரு காலை அது ஏறாவிட்டால் டிரெய்லர் ஓட்டுநருக்கு அன்றைய நடை போய்விடும். சம்பளப் பட்டியல் தள்ளிப்போகும். அதனால்தான் இந்த வேலையை வெறும் மெஷின் ரிப்பேர் என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "சார், டிஸ்க் போயிடுச்சு, புதுசு மாத்திட்டோம். அப்பவும் சர்வர் ஏறல. நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டோம்." டிஸ்க் போனதைவிட அந்த நாலஞ்சு தடவைதான் எனக்குக் கவலை தருகிறது.

டிஸ்க் போவதற்கு இந்தப் பகுதியில் காரணம் தேட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் ஒன்பது டேட்டா சென்டர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சூட்டைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் டிஸ்க்குகளை அதிகம் கெடுக்கிறது என்று அது காட்டியது. ஈரத்தில் அதிகம் அடிபடுவது டிஸ்க்கோடு பேசும் கன்ட்ரோலர் பகுதி. நமக்கோ ஈரத்தோடு உப்பும் நிலக்கரித் தூளும் சேர்ந்தே வருகின்றன. இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று திரை சொன்னாலும், உள்ளே தகட்டில் கணக்கு அப்படியே இருக்கக்கூடும். அதை அழிப்பது பல நேரம் நம் அவசரம்தான்.

சர்வருக்குள் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் ஏறும்போதே விழுவது ஏன்? மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பரவலாக இருக்கும் இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி, தகவலைப் பொதுவாக 16 கேபி அளவுள்ள பக்கங்களாக வைக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. திடீரென்று நின்ற சர்வர் மறுபடி ஏறும்போது, பாதியில் விட்ட வேலைகளைத் தன் பதிவுக் கோப்பைப் பார்த்து நேர்செய்யும். அப்போது படித்த பக்கமும் அதன் எண்ணும் பொருந்தவில்லை என்றால் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்ளும். தப்புக் கணக்கைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் நிற்பது மேல் என்பது அதை எழுதியவர்களின் முடிவு. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஏற மறுக்கும் சர்வர் நம் கணக்கைக் காக்கிறது.

ஆனால் விழுந்த சேவையைத் தானாகவே திரும்பத் திரும்ப எழுப்பும் ஏற்பாடு லினக்ஸில் இருக்கும். ஒவ்வொரு எழுப்பலும் சாகக் கிடக்கும் டிஸ்க்கின் கெட்ட இடங்களை மறுபடி தேய்க்கும். ஆயில் இல்லாத வண்டிக்குச் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் இன்ஜினும் சேர்ந்து போவதைப் போலத்தான். முதல் வேலை, அந்தத் தானியங்கி எழுப்பலை நிறுத்துவது. அடுத்து, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று ஸ்டிக்கரில் எண் எழுதி ஒட்டிய பிறகே வெளியே எடுப்பது. மூன்றாவது, முழு டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தோம் என்று குறித்தும் வைக்கும். நகல் கைக்கு வரும்வரை, கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டவே கூடாது. அது சரிபார்ப்பதோடு நிற்காமல் டிஸ்க்கில் எழுதவும் செய்யும்.

இதற்குப் பிறகு எல்லா வேலையும் நகலின் மேல்தான். இன்னோடிபியைக் கட்டாயமாக எழுப்ப 1 முதல் 6 வரை படிகள் உண்டு. ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஏற வேண்டும். நான்கும் அதற்கு மேலும் தகவலை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எழுந்துவிட்டால் அதிலேயே வியாபாரத்தைத் தொடங்கிவிடக் கூடாது. தகவலை வெளியே எடுத்துப் புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும்.

"ரெயிடு போட்டிருக்கோமே சார்" என்பார்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு அது. ரெயிடு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். புதியதைச் செருகியதும் மிச்சமிருக்கும் டிஸ்க்குகளை முழுக்கப் படித்துத்தான் அதை நிரப்பியாக வேண்டும். அவையும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கி அதே உப்புக்காற்றில் ஓடியவை. அதோடு, தவறாக அழித்த ஒரு பில் ரெயிடில் எல்லா இடத்திலும் அதே நொடியில் அழிந்துவிடும். ரெயிடு வேலை நிற்காமல் இருக்க உதவும். பேக்கப் என்பது வேறு.

இந்த வித்தியாசத்தைத் துறைமுக உலகம் 2017 ஜூன் 27 அன்று பார்த்தது. நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளைத் துடைத்தெடுத்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. யாருக்கு எதில் அனுமதி என்று சொல்லும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்தும் அவை ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் கரண்ட் கட்டால் தொடர்பறுந்து கிடந்ததால் தப்பியது. அதிலிருந்துதான் மீட்பு தொடங்கியது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள்.

அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது தற்செயலாகத் தனியே கிடந்த ஒரு நகல். திருவொற்றியூரின் சின்ன ஆபீஸ் தற்செயலை நம்ப வேண்டாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழகிய கணக்கு. அந்த ஒன்றாவது எப்போதும் வயரில் மாட்டியிருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அதை வேறொரு மெஷினில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். முதலாளிமார்களே, அதற்காக உங்கள் சிஸ்டம் பையன் அரை நாள் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அவன் காப்பது உங்களை நம்பியிருக்கும் அத்தனை பேரின் கூலியையும்தான்.