லைப்ரரி கார்டு கையில் இருக்கும்போதே

கொல்கத்தாவில் நம் தமிழ்க் குடும்பங்களில் பிளஸ் டூ முடிந்ததும் நடக்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். எந்தக் காலேஜ், ஹாஸ்டலா வீடா, கோச்சிங்குக்கு எவ்வளவு. அங்கே லைப்ரரி எப்படி என்று கேட்ட அப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை. (அம்மாக்கள் கேண்டீனைப் பற்றியாவது கேட்கிறார்கள்.)

என்னைக் கேட்டால், கட்டுகிற ஃபீஸில் உருப்படியாகத் திரும்பி வருவது அந்த லைப்ரரி கார்டு வழியாகத்தான். கோர்ஸ் முடிந்து நோ டியூஸ் கையெழுத்து வாங்கும் நாளில் அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்க வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

நம் பிள்ளைகள் லைப்ரரிக்குப் போகாமல் இல்லை. போய், ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, சொந்த ஜெராக்ஸ் நோட்ஸைப் படித்துவிட்டு வருகிறார்கள். அதற்கு லேக் மார்க்கெட் வீட்டு மொட்டைமாடி போதாதா?

கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். "இந்த புக் இருக்கா?" என்று கேட்டால் இருக்கு, இல்லை என்று பதில் வரும். "1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி பிராஜெக்ட் எழுதறேன், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய பஞ்சம் பற்றிய புத்தகம் வரும். அதன் பின்பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலைப் புரட்டினால் 1945இல் வந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கைக்குப் போகலாம். அடுத்த ஸ்லிப் அதற்கு. அலமாரிக்குள் விடுகிற லைப்ரரியாக இருந்தால், தேடிப்போன புத்தகத்துக்கு இடமும் வலமும் இருப்பதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தானே முதுகில் எண் ஒட்டுகிறார்கள்! டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அந்த வரிசையில் ஒருமுறை நின்று பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் காவல்காரர் அல்ல என்பதை இந்தியாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று 1931இல் விதியாகவே எழுதி வைத்தார். ஆகவே போய்க் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். உடைந்த பெங்காலியில் கேட்டாலும் சரி.

எல்லாம் நெட்டில் கிடைக்குமே என்பார்கள். கிடைக்காது. நல்ல ஆய்வுக் கட்டுரைகள் பல பணம் கட்டினால்தான் திறக்கும். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத் திறந்திருக்கின்றன. கல்கத்தா பல்கலைக்கழகம், ஜாதவ்பூர் இரண்டும் மாநிலப் பல்கலைக்கழகங்கள்தான். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. அட்மிஷன் நேரத்தில் ஏசி வகுப்பறையைக் காட்டுகிறவர்களிடம் லைப்ரரியில் என்னென்ன சந்தா இருக்கிறது என்றும் கேட்டு வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும். அலிப்பூரில் பெல்வடேர் வளாகத்தில் இருக்கும் தேசிய நூலகத்தில் தமிழுக்கென்று தனிப் பிரிவே உண்டு. 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும், தமிழ்ப் புத்தகமும் சேர்த்துத்தான். எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு கதை. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல் சேகரிப்பும் அங்கேதான் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் அதைப் பார்க்க ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் வர வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் தூரம். ஸ்லிப் கொடுத்தால் புத்தகம் வரக் கொஞ்சம் நேரமாகும். காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள்.